கூரை முகட்டிலிருந்து அச்சு வரை

டிரெய்லர் மேல் கட்டிய சிறுவீட்டின் படத்தைப் பார்க்கிறவர்கள் பரணையும் மடக்கு மேசையையும் பார்ப்பார்கள். சான்றிதழ் தரும் ஆய்வாளர் கேட்பது வேறு. சுவரின் அடியில் படுத்திருக்கும் அடிச்சட்டம் டிரெய்லரின் இரும்போடு எங்கே, எத்தனை போல்ட்டால் பிடித்திருக்கிறது? வாஷர் என்ன அளவு? ஒயர் போக, சுவரின் நிமிர்ந்த மரக்காலான ஸ்டட்டில் போட்ட துளை எவ்வளவு பெரியது? இதெல்லாம் சுவரை மூடியபின் யார் கண்ணுக்கும் தெரியாது. அதனால்தான் அவர் கேட்கிறார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்காவில் ஜே ஷேஃபர் 1999-இல் டம்பிள்வீட் என்ற சிறுவீட்டு நிறுவனத்தைத் தொடங்கிய காலத்தில், வீட்டுக்குச் சக்கரம் வைத்ததே குறைந்தபட்ச அளவு கேட்கும் கட்டட விதிகளிலிருந்து தப்பிக்கத்தான். இன்று அதே சக்கர வீட்டை நிறுத்த இடம் கேட்டால், கடன் கேட்டால், காப்பீடு கேட்டால் முதலில் வருகிற கேள்வி "எந்தத் தரத்துக்குக் கட்டினீர்கள்?" என்பது.

அந்தக் கேள்விக்குப் பதில் முதல் மரத்தை அறுக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் பொதுவாக மூன்று வழிகள். முதலாவது என்எஃப்பிஏ 1192, அதாவது பயணவண்டிகளுக்கான தரம். இரண்டாவது ஆன்சி ஏ119.5. 400 சதுர அடிக்கு உட்பட்ட, ஓரிடத்தில் அதிக நாள் நிற்கும் 'பார்க் மாடல்' வண்டிகளுக்கானது. மூன்றாவது, வீடுகளுக்கான ஐஆர்சி விதிநூலில் 2018 பதிப்பில் சேர்ந்த பின்னிணைப்பு கியூ (2021 பதிப்பில் ஏக்யூ, 2024-இல் பிபி என்று பெயர் மாறியது). இதற்கும் வரம்பு 400 சதுர அடிதான், பரண் கணக்கில் வராது. ஆனால் இது அஸ்திவாரத்தில் நிற்கும் வீட்டுக்கு எழுதியது.

பலர் கவனிக்காமல் விடுவது இது: என்எஃப்பிஏ 1192 தீ, தப்பும் வழி, எரிவாயு, தண்ணீர்க் குழாய் பற்றியே பேசுகிறது. சுவர் எவ்வளவு பலமாக இருக்க வேண்டும் என்பது அதன் கவலை இல்லை. மின்சாரத்துக்கு தேசிய மின்விதியின் 551-ஆம் பிரிவு, பார்க் மாடலுக்கு 552. ஆகவே வண்டி முத்திரை இருப்பதால் மட்டும் சட்டகம் உறுதியானது என்று சொல்லிவிட முடியாது. அதோடு பயணவண்டித் தொழில் சங்கமான ஆர்விஐஏவின் முத்திரை உறுப்பினரான தயாரிப்பாளருக்குத்தான், தானே கட்டுகிறவருக்குக் கிடையாது. தானே கட்டுகிறவர்கள் போவது மூன்றாம் தரப்புச் சான்று அமைப்புகளிடம். மர வேலைக்கு ஐஆர்சி அளவுகளைப் பிடித்துக்கொண்டு, தீக்கும் மின்சாரத்துக்கும் வண்டித் தரத்தைப் பிடித்துக்கொண்டு கட்டுவதே என் கணக்கில் புத்திசாலித்தனம். இரண்டில் எது கடுமையோ அதை எடுத்துக்கொண்டால் எந்த ஆய்வாளர் வந்தாலும் பேச்சு சுருக்கமாக முடியும்.

அங்குலக் கணக்கு

சாலையில் தனி அனுமதி இல்லாமல் இழுக்க அகலம் 8 அடி 6 அங்குலம், அதாவது 102 அங்குலம். உயரம் பெரும்பாலான மாநிலங்களில் 13 அடி 6 அங்குலம், அதாவது 162 அங்குலம். அகலம் என்பது சட்டகத்தின் அகலம் அல்ல, வெளியே துருத்தும் கடைசி பலகை வரை. ஒரு பக்கச் சுவருக்குச் சட்டகத்தின் மேல் அடிக்கும் உறைப்பலகை அரை அங்குலம், காற்றோட்டப் பட்டி முக்கால், வெளிப்பலகை முக்கால் என்று வைத்தால் 2 அங்குலம். இரு பக்கமும் 4. மூலைப்பட்டி இன்னும் ஒன்றரை. 102 அங்குலத்துக்குச் சட்டகம் அடித்துவிட்டால் வீடு முடிந்தபின் செதுக்க எதுவும் இருக்காது. 96 அங்குலத்தில் நிறுத்துவது நல்லது. 4×8 அடிப் பலகையும் அதில் வீணாகாமல் உட்காரும்.

உயரம்தான் கழுத்தைப் பிடிக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 162-இல் பாதுகாப்புக்கு 2 கழித்தால் 160. டிரெய்லர் தளம் தரையிலிருந்து 24 என்றால் மீதம் 136. தரைப் பலகை முக்கால், அதன்மேல் அலங்காரத் தரை அரை, ஆக 134.75. பரணுக்குக் கீழே சமையலறை. பின்னிணைப்பு கியூ சமையலறைக்கும் குளியலறைக்கும் 6 அடி 4 அங்குலம் கேட்கிறது, மற்ற புழங்கும் அறைகளுக்கு 6 அடி 8. எனவே 76 போனால் 58.75. பரண் தாங்கும் 2×6 மரம் (பெயரில்தான் 6) ஐந்தரை, பரண் பலகை முக்கால், மீதம் 52.5. கூரைக்கு உள்பலகை அரை, 2×6 கைமரம் ஐந்தரை, மேல்பலகை அரை, உலோகக் கூரை ஒன்று, மொத்தம் ஏழரை. கையில் நிற்பது 45 அங்குலம். உட்கார்ந்தால் தலை இடிக்காத அளவு, அவ்வளவுதான்.

ஒரு பக்கம் சரியும் கூரை என்றால் உள் அகலம் ஏழரை அடிக்கு, அடிக்கு 2 அங்குலச் சரிவில் 15 அங்குலம் போய்விடும். தாழ்ந்த பக்கம் 30 நிற்கும். சரிவான கூரையின் கீழ் 3 அடிக்குக் குறைந்த பகுதியைப் பரணின் பரப்பில் விதி சேர்க்காது. பரணுக்குக் குறைந்தது 35 சதுர அடி வேண்டும், எந்தப் பக்கமும் 5 அடிக்குக் குறையக்கூடாது. அடிக்கு 6 அங்குலமோ அதற்கு மேலோ சரியும் இருபக்கக் கூரைக்கு மட்டும் அந்த 3 அடி 16 அங்குலமாகத் தளர்கிறது. மடிப்பு இணைப்புள்ள உலோகக் கூரை போட்டால் அடிக்கு ஓர் அங்குலச் சரிவே போதும், தாழ்ந்த பக்கம் 37.5 கிடைக்கும். கூரைத் தகட்டின் வகையை முடிவு செய்யாமல் சுவர் உயரத்தை முடிவு செய்யக்கூடாது என்பது இதனால்தான்.

இரும்பும் மரமும்

டிரெய்லர் வந்ததும் முதல் வேலை மரம் இறக்குவது அல்ல, ஜாக்கி வைத்து மட்டம் பிடிப்பது. அச்சுக்கு முன்னும் பின்னும் இரும்புச் சட்டத்துக்கு அடியில் ஜாக்கி வைத்து, நான்கு மூலையிலும் நடுவிலும் ரசமட்டம் பார்க்க வேண்டும். குறுக்காக மூலைக்கு மூலை அளந்து இரண்டும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். கால் அங்குலம் வித்தியாசம் இருந்தால் சுவரின் அடிச்சட்டத்தை நூல் பிடித்து நேராக வையுங்கள். டிரெய்லரின் ஓரத்தை நம்பிப் போகாதீர்கள். சில டிரெய்லர்கள் நடுவில் லேசாக மேலே வளைந்து வரும். பாரம் ஏறினால் அது படியும். அதை ஷிம் (மெல்லிய ஆப்பு) வைத்துச் 'சரி' செய்தால் பின்னால் எதிர்ப் பக்கம் வளையும்.

இரும்பின் மேல் தனியாக 2×6 மரத் தரைச்சட்டம் போடுவது பழைய வழக்கம். டிரெய்லரின் இரும்புக் குறுக்குச் சட்டங்களையே தரைச்சட்டமாகப் பயன்படுத்துவது நல்லது என்பேன். முதல் லாபம் ஐந்தரை அங்குல உயரம். இரண்டாவது லாபம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கடையில் 'உலர்' முத்திரையோடு வரும் மரத்தில் 19 சதவீதம் வரை ஈரம் இருக்கலாம். வீட்டுக்குள் அது 9 சதவீதத்துக்கு இறங்கும்போது அகலவாக்கில் ஏறக்குறைய இரண்டரை சதவீதம் சுருங்கும். ஐந்தரை அங்குலத் தரைச்சட்டத்தையும் ஒன்றரை அங்குல அடிச்சட்டத்தையும் சேர்த்து ஒரே போல்ட்டால் இறுக்கியிருந்தால் 7 அங்குல மரம் 0.17 அங்குலம் சுருங்கும். தச்சர் கணக்கில் ஒரு நூலுக்கு (1/8 அங்குலம்) மேல். இறுக்கி வைத்த நட்டுக்கும் வாஷருக்கும் அடியில் அவ்வளவு இடைவெளி விழுந்தபின் அந்த போல்ட் வீட்டைப் பிடிக்கவில்லை, சும்மா நிற்கிறது. அடிச்சட்டமும் பிளைவுட்டும் மட்டும் நடுவில் இருந்தால் சுருக்கம் அதில் கால் பங்குகூட வராது. எப்படியிருந்தாலும் நைலான் பூட்டு நட் போடுங்கள். உள்சுவர் மூடும் முன் ஒரு சுற்று எல்லா நட்டையும் திரும்ப முறுக்குங்கள்.

போல்ட்டின் கணக்கு: ஐஆர்சி கேட்பது அரை அங்குல போல்ட், 6 அடிக்கு ஒன்று, ஒவ்வொரு அடிச்சட்டத் துண்டின் முனையிலிருந்தும் 12 அங்குலத்துக்குள் ஒன்று, துண்டுக்குக் குறைந்தது இரண்டு. அது நகராத வீட்டுக்கு. ஓடும் வீட்டுக்கு 4 அடிக்கு ஒன்று வைப்பது பேராசை இல்லை. சாதாரண வட்ட வாஷர் மரத்துக்குள் புதைந்துபோகும், 3×3 அங்குலச் சதுரத் தகடு போட வேண்டும். நான்கு மூலைகளிலும் சுவர் மேலே எழாமல் பிடிக்கும் பிடிகொக்கி, சிம்ப்சன் ஸ்ட்ராங்-டை நிறுவனத்தின் ஹெச்டியூ2 அல்லது ஹெச்டிடி5 போன்றது, 5/8 அங்குலக் கம்பியோடு. டிரெய்லரின் நீளவாட்டுப் பிரதான உத்தரத்தின் மேல்தகட்டிலும் கீழ்த்தகட்டிலும் துளை போடாதீர்கள். வளைவைத் தாங்குவதே அந்தத் தகடுகள்தான். வாங்கும்போதே தயாரிப்பாளரிடம் சொல்லிப் பற்றவைத்த காதுகளோ கம்பிகளோ வாங்கிவிடலாம். கால்வனைஸ் செய்தபின் பற்றவைத்தால் அந்த இடத்தில் துத்தநாகம் எரிந்துபோகும். மேலே துத்தநாகப் பூச்சு அடிக்காமல் விட்டால் துரு அங்கிருந்துதான் தொடங்கும்.

பதப்படுத்திய மரம் என்றால் எப்போதும் நல்லது என்ற எண்ணமும் இங்கே கடிக்கும். அதிலுள்ள தாமிரம் அலுமினியத்தையும் மெல்லிய துத்தநாகப் பூச்சையும் அரிக்கும். டிரெய்லரின் அடியை மூடும் அடித்தகரம் அலுமினியமாக இருந்து அதன்மேல் பதப்படுத்திய மரம் நேராக உட்கார்ந்தால் சில மழைக்காலத்தில் தகரம் சல்லடை. பிளைவுட் மேல் உட்காரும் அடிச்சட்டத்துக்குச் சாதா மரமே போதும். இரும்பைத் தொடுமிடத்தில் நுரைப்பட்டி விரிக்கவும். அடித்தகரத்தின் இணைப்பில் முன்தகடு பின்தகட்டுக்குக் கீழே வர வேண்டும், மீன் செதில் மாதிரி. திருப்பிப் போட்டால் நெடுஞ்சாலைக் காற்றும் சக்கரம் தெறிக்கும் தண்ணீரும் அந்த வாயில் நுழைந்து தகரத்தை உரிக்கும்.

சுவர்

முதலில் ஒரு சங்கடம்: 2×4 என்று விற்கும் மரம் ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம்தான். வரைபடத்தில் இதை மறந்தால் ஒவ்வொரு ஜன்னலும் அரை அங்குலம் தவறும்.

ஸ்டட்டை 16 அங்குலத்துக்கு ஒன்றா, 24-க்கு ஒன்றா என்ற சண்டை ஓயாது. எடை குறையும் என்பது 24 கட்சியின் வாதம். எண்ணிப் பார்த்தால்: 24 அடிச் சுவருக்கு 16-இல் 19 ஸ்டட், 24-இல் 13. இரு நீளச் சுவருக்கும் 12 மிச்சம், இரு குட்டைச் சுவருக்கும் 4. மொத்தம் 16 ஸ்டட், ஒன்று சுமார் 10 பவுண்டு, ஆக 160 பவுண்டு. பன்னிரண்டாயிரம் பவுண்டு வீட்டில் அது ஒரு ஆள் எடை. ஐஆர்சியும் 24 அங்குல இடைவெளியில் 2×4-ஐ கூரை மட்டும் தாங்கும் சுவருக்குத்தான் விடுகிறது. பரண் ஏறிய சுவருக்கு 16 போட்டுவிட்டுத் தூங்கலாம்.

ஸ்டட்டை அடிச்சட்டத்தோடு கீழிருந்து மூன்றரை அங்குல ஆணி இரண்டால் பிடிப்பது வழக்கம். அந்த ஆணி மரத்தின் நாரோடு நாராக இறங்குகிறது. பக்கவாட்டில் தள்ளினால் நிற்கும், மேலே இழுத்தால் உருவிக்கொண்டு வரும். குழியில் விழுந்து எழும் டிரெய்லர் செய்வது அந்த இழுப்பைத்தான். எனவே இழுப்பைத் தாங்க வேண்டியது உறைப்பலகை. பலகையை நிமிர்த்தி வைத்து, அடிச்சட்டத்திலிருந்து மேல்சட்டம் வரை ஒரே துண்டாகப் போக விடுங்கள். 8 அடிக்கு மேல் உயரமுள்ள சுவருக்கு 9 அடி, 10 அடிப் பலகை கிடைக்கும். கிடைக்காவிட்டால் இணைப்பு வருமிடத்தில் குறுக்குக் கட்டை வைத்து, ஸ்டட்டுக்கும் அடிச்சட்டத்துக்கும் உலோகப் பட்டி அடிக்க வேண்டும்.

பலகைக்கு இரண்டரை அங்குல ஆணி, விளிம்பில் 6 அங்குலத்துக்கு ஒன்று, நடுவில் 12-க்கு ஒன்று. பலகைக்கும் பலகைக்கும் ஒரு நூல் இடைவெளி, ஈரத்தில் உப்ப இடம் வேண்டும். ஆணித் துப்பாக்கியின் அழுத்தம் அதிகமானால் தலை 7/16 அங்குல ஓஎஸ்பி என்ற மரச்சீவல் பலகையின் மேல்தோலைக் கிழித்து உள்ளே போகும். வெளியே பார்க்கச் சுத்தமாகத்தான் இருக்கும், பிடிக்கும் பலகை மட்டும் பாதியாகிவிடும். ஆய்வாளர் விரலால் தடவிப் பார்ப்பது இதற்குத்தான். ஆணிக்குப் பதில் எங்கும் ஸ்க்ரூ போட்டால் அதிரும்போது கழலாது என்பார்கள். ஜிப்சம் பலகைக்கான கறுப்பு ஸ்க்ரூவை நினைத்துச் சொன்னால் அது ஆபத்து: ஆணி வளையும், அந்த ஸ்க்ரூ பட்டென்று ஒடியும். சுமை மதிப்பு அச்சிட்ட கட்டமைப்பு ஸ்க்ரூ வேறு சரக்கு, விலையும் வேறு. பசை போடலாம், நல்லதுதான். ஆனால் பசையைக் காட்டி ஆணியைக் குறைக்கக் கூடாது.

காற்று எவ்வளவு தள்ளும்? மணிக்கு 60 மைலில் போகும்போது எதிர்க்காற்று 20 மைல் என்றால் முன்சுவருக்கு அது 80 மைல் காற்று. சதுர அடிக்குச் சுமார் 16.4 பவுண்டு. எட்டரை அடி அகலமும் பதினொன்றரை அடி உயரமும் உள்ள முகத்தில் ஏறக்குறைய 1,600 பவுண்டு, மணிக்கணக்காக.

பக்கக் காற்றும் வளைவும் குட்டைச் சுவர்களைத்தான் சாய்க்கப் பார்க்கும். கதவு வைக்கும் இடத்தில் பலர் சறுக்குவதும் அங்கேதான். பலகைச் சுவர் பக்கவாட்டுத் தள்ளலைத் தாங்க அதன் உயரம் அகலத்தைப் போல மூன்றரை மடங்குக்கு மேல் போகக்கூடாது. சுவர் 10 அடி உயரம் என்றால் துண்டுக்குக் குறைந்தது 34.3 அங்குல அகலம் தேவை. 96 அங்குலச் சுவரில் 36 அங்குலக் கதவுக்கு 38 அங்குலத் திறப்பு விட்டால் மிஞ்சுவது 58. அழகுக்காகக் கதவை நடுவில் வைத்தால் இரு பக்கமும் 29, 29. இரண்டுமே கணக்கில் வராது. கதவை ஒரு ஓரத்துக்குத் தள்ளுங்கள், ஒரு பக்கம் 58-க்கு அருகில் முழுப் பலகை நிற்கும், சுவர் தேறும். அல்லது கதவையே நீளச் சுவருக்கு மாற்றுங்கள். நடுவில் கதவு வைத்த முன்முகப்பு படத்தில் நன்றாக இருக்கிறது என்பதை மறுக்கவில்லை.

ஜன்னல் உத்தரம் சுலபம்: இரண்டு 2×6, நடுவே அரை அங்குல பிளைவுட், மொத்தம் மூன்றரை, சுவர் கனத்துக்குச் சரியாக வரும். சக்கரக் கவசத்தின் மேலும் இதே உத்தரம்தான். கவசத்தின் தகரத்தில் சுவரின் பாரம் உட்காரக்கூடாது. உத்தரத்தின் இரு முனையும் தளம் வரை இறங்கும் ஸ்டட்டில் நிற்க வேண்டும், அடிச்சட்டம் அங்கே அறுபடுவதால் இரு பக்கமும் தனி போல்ட் வேண்டும். இந்த இரண்டு போல்ட்டும்தான் அதிகம் மறந்துபோவது.

கூரை, துளை, தப்பும் வழி

ஒவ்வொரு கைமரத்துக்கும் இரு முனையிலும் ஹெச்2.5ஏ போன்ற உலோகக் கட்டு. கைமரம் ஸ்டட்டுக்கு நேர் மேலே வந்தால் இழுப்பு நேராக இறங்கும். பரண் உள்ள பகுதியில் தீ பிடித்தால் ஏணிப் பக்கம் போக முடியாது, ஆகவே பரணிலேயே தப்பும் ஜன்னல் வேண்டும். பின்னிணைப்பு கியூவில் திறப்பின் அடி பரண் தரையிலிருந்து 44 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. வண்டித் தரம் இதைச் சுவாரசியமாக அளக்கிறது: 24 அங்குல நீள் அச்சும் 17 அங்குலக் குறு அச்சும் உள்ள நீள்வட்டத் திண்மம் தடையின்றி வெளியேற வேண்டும். ஜன்னலின் சட்ட அளவல்ல, முழுதாகத் திறந்தபின் கிடைக்கும் இடைவெளி. ஜன்னல் வாங்கும்போது கடைக்காரர் சொல்வது பெரும்பாலும் முன்னது.

ஒயரும் குழாயும் போட வருகிறவர்கள் சட்டகத்தைச் சல்லடை ஆக்கிவிடுவார்கள். பாரம் தாங்கும் 2×4 ஸ்டட்டில் துளை அகலத்தில் 40 சதவீதம் வரை, அதாவது 1.4 அங்குலம். விளிம்பிலிருந்து 5/8 அங்குலம் விட்டே இருக்க வேண்டும். வெட்டு என்றால் 25 சதவீதம்தான். ஒன்றரை அங்குலக் கழிவுநீர்க் குழாயின் வெளிவிட்டம் 1.9 அங்குலம், அது வெளிச்சுவரின் ஒற்றை ஸ்டட் வழியாகப் போகவே முடியாது. அந்தக் குழாயை உள் தடுப்புக்கோ தரைக்கோ கொண்டுபோக வேண்டியதைச் சட்டகம் அடிக்கும் முன் வரைந்துவிடுங்கள். ஒயர்த் துளை விளிம்பிலிருந்து ஒன்றேகால் அங்குலத்துக்குள் வந்தால் 1/16 அங்குல இரும்புத் தகடு.

இவ்வளவையும் மூடும் முன் படம் எடுக்க வேண்டும். பிடிகொக்கி ஒவ்வொன்றும், போல்ட் ஒவ்வொன்றும் அளவு நாடாவோடு. மரத்தின் தர முத்திரை உள்பக்கம் தெரியும்படி ஸ்டட்டைத் திருப்பி அடித்தால் செலவு ஒன்றுமில்லை, முத்திரை காணாத மரத்தை ஆய்வாளர் மரமாகவே எண்ணமாட்டார். டிரெய்லரின் 17 இலக்க எண்ணும் எடைத் தகடும் ஒரு படம்.

கடைசியாக எடை. 7,000 பவுண்டு அச்சு இரண்டு என்றால் தகட்டில் 14,000 இருக்கும். அதைத் தாண்டினால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் சான்று கிடையாது. 24 அடி வீட்டில் சுவர் உறைப்பலகை மட்டும் 20 எண்ணம், ஒன்று 46 பவுண்டு, ஆக 920. இப்படித் தொடக்கத்திலேயே ஒரு தாளில் கூட்டிக்கொண்டே வாருங்கள். சட்டகமும் உறையும் முடிந்ததும், உள்வேலை தொடங்கும் முன், லாரி எடைமேடைக்கு ஒருமுறை இழுத்துப் போங்கள். இழுவைக் கொக்கியில் விழும் பாரம் மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். 12,000 பவுண்டு வீட்டுக்கு 1,200 முதல் 1,800. அதற்குக் குறைந்தால் பின்பக்கம் பாம்பாக ஆடும். அந்த நிலையில் குளிர்பெட்டியையும் தண்ணீர்த் தொட்டியையும் அச்சுக்கு முன்னால் நகர்த்த இன்னும் இடம் இருக்கும். அலமாரி எல்லாம் அடித்தபின் எடைமேடைக்குப் போகிறவர்களுக்கு அந்த வழி அடைபட்டிருக்கும்.